நைஸ் என்றால் முட்டாளா?

கேள்வி: ‘நைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் உண்மையான அர்த்தம் ‘முட்டாள்’ என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது தெரியாமல் போன இதழில் ஒரு வாசகரின் கவிதையை ‘நைஸ்’ என்று பாராட்டியிருக்கிறீர்கள். இனியாவது பொருள் தெரிந்து எழுதுவீர்களா?

பதில்: நீங்கள் படித்தது பாதி சரி. ‘உண்மையான அர்த்தம்’ என்கிறீர்களே, அங்கேதான் சறுக்குகிறீர்கள். முட்டாள் என்பது அதன் பழைய அர்த்தம். பழசுதான் உண்மை என்றால் ‘நாற்றம்’ என்ற சொல்லை என்ன செய்வது? திருமாலின் வாய் ‘கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ’ என்று வெண்சங்கிடம் ஏக்கத்தோடு கேட்டாள் ஆண்டாள். அதை நம்பி, சென்ட் பூசிக்கொண்டு வரும் நண்பரிடம் ‘நன்றாக நாறுகிறீர்கள்’ என்று சொல்லிப் பாருங்கள்.

லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். சயன்ஸ் என்ற சொல்லுக்கும் வேர் இந்த ‘ஸ்கிரே’தான். ஆக, சயன்ஸும் நைஸும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று படித்தது, இன்னொன்று மக்கு. பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் மக்குதான். அப்புறம் அது போட்ட வேஷங்கள் கொஞ்சமல்ல. எதிலும் நொட்டை சொல்பவர், கூச்சக்காரர், பிறகு நுட்பமான, துல்லியமான. இன்றைய ‘இனிமையான’ வேஷம் 18ஆம் நூற்றாண்டில் கட்டியது.

1815 ஜூன். வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த மறுநாள், பிரஸ்ஸல்ஸில் தாமஸ் கிரீவி என்ற அரசியல்வாதியிடம் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பேசிக்கொண்டிருந்தார். தனக்கும் கூட்டாளி ப்ளூஹருக்கும் 30,000 பேர் இழப்பு என்றார். அடுத்த மூச்சிலேயே அந்தச் சண்டையை ‘நைஸ் திங்’ என்றார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ‘நுட்பமான’ என்ற அர்த்தத்தில், மயிரிழையில் தப்பித்தோம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

அதற்குள் இன்றைய அர்த்தமும் அலுக்கும் அளவுக்குப் பெருகிவிட்டது. 1817 டிசம்பரில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் ஹென்றி டில்னி இதைத்தான் கிண்டல் செய்கிறான்: நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்கள் இரண்டு பேரும் நைஸ், எதற்கும் பொருந்துகிற சொல்!

ஆங்கிலத்தில் அந்த ‘நுட்பமான’ நைஸ் இப்போது சில தொடர்களோடு ஒதுங்கிவிட்டது. நம் பேச்சைப் பாருங்கள். உப்புத்தாளைக் கையில் கொடுத்து, ‘பலகையை நைஸாகத் தேய்’ என்கிறார் தச்சர். தடவினால் விரலில் ஒரு சிலும்பு படக்கூடாது, அவ்வளவுதான். அதில் இனிமையும் இல்லை, முட்டாள்தனமும் இல்லை. கூட்டத்திலிருந்து நைஸாக நழுவுகிறவனும், நைஸாகப் பேசிக் கையெழுத்து வாங்குகிறவனும் நாமே வளர்த்த பிள்ளைகள். ஆங்கிலேயருக்கு விளக்கினாலும் புரியாது.

சரி, அந்தக் கவிதைக்கு வருகிறேன். கவிஞரை முட்டாள் என்று சொல்லும் எண்ணம் எனக்கில்லை. இரண்டு தடவை படித்தும் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. அதனால் ‘நைஸ்’ என்று எழுதிவிட்டு நைஸாக நழுவினேன். திட்டுவதென்றால் அதற்குத் திட்டுங்கள்.