லைட் லைன்ல ஏசி போட்டு வயர் எரிஞ்சு போச்சு, வீடு மொத்தத்துக்கும் ரீவயரிங் காசு நான் தரணுமா?

கேள்வி: சென்னையில 30 வருஷ பழைய வீட்டு மாடியில வாடகைக்கு இருக்கேன் சார். போன மாசம் ஒன்றரை டன் ஏசி வாங்கினேன், கடையிலேர்ந்து வந்த பையன் பெட்ரூம் சுவிட்ச் போர்டிலேயே லைன் எடுத்து மாட்டிட்டுப் போயிட்டான். எம்சிபி (லோடு அதிகமானா தானா ஆஃப் ஆகிற சுவிட்ச்) அடிக்கடி ட்ரிப் ஆச்சு, தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் வந்து 6 ஆம்ப்ஸ எடுத்துட்டு 32 போட்டார். பத்து நாள்ல பைப்புக்குள்ள வயர் கருகிடுச்சு. ஓனரம்மா ரெண்டு மாடிக்கும் ரீவயரிங் செலவை அட்வான்ஸ்ல கழிப்பேன்னு சொல்றாங்க, காசு தர்ற வரைக்கும் கரன்ட் கிடையாதுன்னு ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. என்ன பண்றது?

பதில்: தம்பி, முதல்ல உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லிடறேன், தப்பு உங்க பக்கம் இருக்கு. ஏசி போட்டதுகூட பெரிய விஷயம் இல்ல, அந்த 32 ஆம்ப்ஸ் எம்சிபி தான் உங்க கேஸைக் கெடுக்குது. எம்சிபி ட்ரிப் ஆச்சுன்னா அது ரிப்பேர் இல்ல, இந்த வயர் இவ்வளவு தாங்காதுன்னு அது கத்துது. லைட் சர்க்யூட்னா வழக்கமா 10 பாயின்ட் (லைட், ஃபேன், பிளக் எல்லாம் சேர்த்து) இல்ல 800 வாட், அதுக்கு மேல ஏத்தக் கூடாது, ஒன்றரை டன் ஏசி ஒண்ணே அதைத் தாண்டிடும். நீங்க அனுப்பின போட்டோவுல ஜங்ஷன் பாக்ஸ்குள்ள பார்த்தேன், பழைய அலுமினிய வயர்ல புது காப்பர் வயரைச் சும்மா முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கு, அந்த இடம்தான் முதல்ல சூடாகியிருக்கும், 32 எம்சிபி அதைக் கண்டுக்கவே கண்டுக்காது.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, மத்திய மின்சார ஆணையத்தோட 2023 பாதுகாப்பு விதிகள் (அதுக்கு முந்தின 2010 விதிகள்லயும் இதே தான்) பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாத்தறது மாதிரி வேலையை விட்டுடுது, அதுவும் லைனோட கெபாசிட்டியோ தன்மையோ மாறாத வரைக்கும்தான். இருக்கிற சர்க்யூட்ல புதுசா ஏதாவது சேர்த்தா, மாத்தினா, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் மூலமா, தகுதிச் சான்று உள்ள சூப்பர்வைசர் பார்வையில, பெர்மிட் உள்ள ஆள்தான் செய்யணும். 'இன்ஸ்டாலேஷன் ஃப்ரீ'ன்னு வர்ற பையன் இதுல எங்க வர்றான்னு நீங்களே சொல்லுங்க. சொத்து மாற்றுச் சட்டம் 108-வது பிரிவும், வாடகைக்கு இருக்கிறவர் தன் சொந்த வீடு மாதிரி ஜாக்கிரதையா வச்சுக்கணும்னு தான் சொல்லுது. அதனால எரிஞ்ச அந்த ஒரு சர்க்யூட்டுக்கு நீங்க காசு குடுக்கிறது நியாயம், இதுல சண்டை போடாதீங்க.

ஆனா ரெண்டு மாடிக்கும் ரீவயரிங்? அது நடக்காது. தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2017 (2019 பிப்ரவரியிலேர்ந்து அமல்ல இருக்கு) வயரிங் பராமரிப்பை ஓனர் தலையிலதான் வைக்குது. 30 வருஷ அலுமினிய வயர் எப்படியும் மாத்த வேண்டிய வயசுதான், உங்க ஏசியைச் சாக்கா வச்சு வீட்டைப் புதுசாக்கிக்க முடியாது. ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவுப்படியும் உங்க செயலால நேரடியா வந்த நஷ்டம் மட்டும்தான், கீழ் வீட்டு லைன் உங்களால எரியலையே. அட்வான்ஸ் கணக்கும் பொதுவா வீடு காலி பண்றப்போ பார்க்கிறது, ரெண்டு மாடி ரீவயரிங் செலவை இப்பவே கழிச்சிட்டேன்னு அவங்களா எழுதிக்க முடியாது.

ஃபியூஸ் கேரியர் விஷயத்துல ஒரு வித்தியாசம் இருக்கு, கவனிங்க. எரிஞ்ச லைனை மட்டும் பாதுகாப்புக்காக ஆஃப் பண்ணி வச்சா ஓனரம்மா பண்ணது சரி, நானே பாராட்டுவேன். காசு வாங்கறதுக்காக மாடி மொத்தத்தையும் இருட்டுல போட்டா அது அத்தியாவசிய சேவையை நிறுத்தறது, அதுக்கு அந்த வாடகைச் சட்டமே தடை போடுது. ரென்ட் அத்தாரிட்டிகிட்ட (அந்தச் சட்டப்படி வாடகை விஷயங்களைப் பார்க்கிற அதிகாரி) மனு குடுங்க, விசாரணை முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, முதல்ல சப்ளையைக் குடுன்னு இடைக்கால உத்தரவு கேட்கலாம். உங்க அக்ரிமென்ட் அங்க பதிவு ஆகியிருக்கான்னு மட்டும் இன்னிக்கே பாருங்க, இல்லேன்னா எதிர்ப்பக்கம் முதல்ல அதைத்தான் பிடிப்பாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு தடவை பேசிப் பாருங்க. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து ரெண்டு எஸ்டிமேட் வாங்குங்க, பெட்ரூம் லைனுக்குத் தனி, வீடு மொத்தத்துக்கும் தனி. ஏசிக்கு மெயின் போர்டிலேர்ந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், 20 ஆம்ப்ஸ் எம்சிபி, சரியான எர்த், கூடவே 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா உடனே சப்ளையை நிறுத்தற சுவிட்ச்), இவ்வளவும் எழுதி வாங்குங்க. கூடுதல் லோடுக்கு ஈபில மனு போடணும், கனெக்‌ஷன் அவங்க பேர்ல இருக்கிறதால கையெழுத்தும் அவங்கதான் போடணும், அதனால ரொம்ப முறைச்சுக்காதீங்க. ஏசி லைன் செலவு உங்களோடதுன்னு நீங்களே முந்திக்கிட்டு எழுத்துல குடுத்துடுங்க, பாதி கோபம் அங்கேயே இறங்கிடும்.

ஏசி கடை மேல சேவைக் குறைபாடுன்னு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடலாம், ரெண்டு வருஷம் டைம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்ல. பில், இன்ஸ்டாலேஷன் சீட்டு, அந்தப் பையன் அனுப்பின வாட்ஸ்அப் எல்லாத்தையும் எடுத்து வைங்க. எம்சிபி மாத்தினது கடைக்காரன் இல்லேங்கிறதால முழுசா கிடைக்கும்னு எதிர்பார்க்க வேணாம். கருகின வயர்த் துண்டையும் அந்த 32 எம்சிபியையும் தூக்கிப் போட்டுடாதீங்க, ஒரு கவர்ல போட்டு தேதி எழுதி வைங்க. கரன்ட் திரும்ப வந்தாலும் கான்ட்ராக்டர் மெகர் (வயரோட இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வச்சு டெஸ்ட் பண்ற வரைக்கும் அந்த பெட்ரூம் ஃபேனைக் கூடப் போடாதீங்க, ஹால்லயே படுங்க.