மனிதன்தான் பிரபஞ்சத்தின் மையம் என்று நம்புவதில் என்ன தவறு?

"எல்லாம் மனுஷனுக்காகப் படைச்சது" என்று யாரோ அடித்துப் பேசியதில் வாயடைத்துப்போய் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் சித்தப்பா இதைத்தான் சொல்வார். வட சென்னைக் காசிமேட்டில் மீன்பிடிக் குடும்பம் எங்களுடையது.

நான் சின்னதாக ஒரு தொலைநோக்கி வாங்கி மொட்டை மாடியில் வைத்தேன். துறைமுக வெளிச்சத்தில் பாதி வானம் தெரியாது, ஆனால் வியாழன் பளிச்சென்று தெரியும். அதை ஒட்டி ஒரே கோட்டில் நாலு புள்ளிகள். மறுநாள் நைனா பார்த்துவிட்டு, "நேத்து நாலு இருந்துச்சே, ஒண்ணு எங்கடா?" என்றார். விடிவெள்ளியைப் பார்த்தே நேரம் சொல்பவர், அவர் கண் தப்பாது. அவை வியாழனின் நிலவுகள், ஒன்று பின்னால் போய்விட்டது என்றேன். கண்ணை எடுக்காமலே, "அப்போ நம்மளச் சுத்தாம அதுபாட்டுக்கு அங்க ஒரு குடும்பம் ஓடுதா?" என்றார்.

1610 ஜனவரியில் கலிலியோ கண்டதும் இதைத்தான். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகிறது என்ற கணக்கு அங்கேயே உடைந்தது. அப்புறம் சூரியனும் மையமில்லை என்று ஆனது. நம் விண்மீன் திரளான பால்வெளியின் நடுவிலிருந்து நாம் சுமார் 26,000 ஒளியாண்டு (ஒளி ஒரு வருஷத்தில் போகும் தூரம்தான் ஒரு ஒளியாண்டு) தள்ளி இருக்கிறோம்.

சாமி இல்லை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். நைனா இன்றும் படகுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் கடலுக்குப் போகிறார். "எங்கிருந்து பார்த்தாலும் விண்மீன் திரள்கள் விலகித்தான் போகின்றன, அப்படியானால் நாமும் மையம்தானே?" என்று சிலர் கேட்பார்கள். சரி, அந்தக் கணக்கில் எண்ணூர் கழிமுகத்து இறாலும் மையம்தான். அதை யார் மதித்தார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கலந்தபோது கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுப்பு. சித்தப்பாவின் வலையை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தோம், பிசுக்கு போகவில்லை. ஆறும் கடலும் தங்களுக்காகவே இருப்பதாக நினைப்பவர்களால்தான் அதில் கழிவை விட முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிர்லா கோளரங்கம் கோட்டூர்புரத்தில் 1988-இல் திறந்தது. நான் படித்த பள்ளியில் ஒரு தடவைகூட எங்களை அங்கே கூட்டிப்போகவில்லை. அனல்மின் நிலையம், சாம்பல், கொடுங்கையூர் குப்பைமேடு எல்லாம் வட சென்னைக்கு வந்து சேர்கின்றன. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஆளுக்கொரு நல்ல தொலைநோக்கி கொடுக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் வியாழனைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.