வில்லியோமைட்: வாங்குமுன் தண்ணீரை நினையுங்கள்

கேள்வி: இணையக் கடை ஒன்றில் ‘அரிய மாணிக்கச் சிவப்பு வில்லியோமைட், கனடா’ என்று 2 கிராம் உதிரிக் கல்லை விற்கிறார்கள். அசலா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? மாணிக்கத்துக்குப் பதிலாக மோதிரத்தில் பதிக்கலாமா?

பதில்: மோதிரம் வேண்டவே வேண்டாம். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் மாணிக்கத்தின் கடினம் 9, இதற்கு 2 முதல் 2.5 வரைதான். நகம் பட்டாலே கீறல் விழலாம். மூன்று திசைகளில் செங்குத்தாகப் பிளக்கும் என்பதால் தட்டினால் சிறு கனசதுரங்களாக உடையும். எல்லாவற்றுக்கும் மேல், இது தண்ணீரில் கரையும் கல். கை கழுவும்போதெல்லாம் கொஞ்சம் கரையும். கரைந்து வருவது சோடியம் ஃபுளோரைடு, அது நஞ்சு.

சமையல் உப்புக்கு இது உறவுக்காரக் கனிமம். உப்பின் அதே படிக அமைப்பில் குளோரினுக்குப் பதில் ஃபுளோரின் உட்கார்ந்திருக்கிறது. சிவப்பு நிறம் சாயமல்ல. இயற்கைக் கதிர்வீச்சால் படிகத்துக்குள் ஏற்பட்ட குறைகளால் வருவது. சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் நிறம் போய்விடும். கினி நாட்டின் லோஸ் தீவுகளிலிருந்து கிடைத்த மாதிரிகளை வைத்து 1908-இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் அந்துவான் லக்ருவா இதை விவரித்தார்; மாதிரிகளைக் கொண்டுவந்த வில்லியோமின் பெயரையே கனிமத்துக்கு வைத்தார். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் லோவோசெரோ, கிபினி, கிரீன்லாந்தின் இலிமாவுசாக், கனடாவின் மோன் செயின்ட் ஹிலேர் ஆகிய இடங்களிலும் கிடைக்கிறது. இவை எல்லாமே நெஃபலின் சையனைட் (nepheline syenite) வகைப் பாறைகள் உள்ள இடங்கள்; நஞ்சான சயனைடோடு இந்தப் பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிலிக்கா குறைவாகவும் சோடியமும் ஃபுளோரினும் மிகுந்தும் இருந்த பாறைக்குழம்பு உறைந்த இடங்கள். கரையும் பொருள் என்பதால் மழை படும் மேற்பரப்பில் தங்காது. சுரங்கத்திலோ புதிதாக வெட்டிய குவாரி முகத்திலோதான் பார்க்க முடியும். அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சோதனைக்கு வருவோம். நகைக்கடைகளில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி இதற்கு உதவாது. அது ஃபுளோரினைக் காணாது, சோடியத்தையும் பெரும்பாலும் தவறவிடும். சிதறும் ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ராமன் கருவியும் கைவிடும், ஏனென்றால் உப்பு அமைப்புள்ள படிகங்கள் முதல்நிலை ராமன் கோடு தருவதில்லை. சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது படிக அமைப்பையே காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனை (XRD). கல்லூரி, ஆய்வகங்களில் அந்த வசதி இருக்கும்.

வீட்டில் இரண்டு சோதனை செய்யலாம். முதலில், கல்லின் ஓரத்தில் செம்புக் கம்பியால் லேசாகக் கீறுங்கள். கீறல் விழாவிட்டால் வில்லியோமைட் அல்ல. இதே பாறைகளில் இதனோடு கிடைக்கும் சிவப்பு யூடியலைட்டின் கடினம் 5 முதல் 6, ஃபுளோரைட் என்னும் வேறு கனிமத்துடையது 4; இவற்றிலும் கண்ணாடியிலும் செம்பால் கீறல் விழாது. விழும் தூளை ஈரத் துணியால் துடைத்து எறிந்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கீறல் விழுந்தால் அடுத்த சந்தேகம் சாயமேற்றிய உப்பு. அதைப் பிரித்துக் காட்டுவது அடர்த்தி. வழக்கம்போல் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்தால் கல் போய்விடும், ஆகவே மண்ணெண்ணெய். 0.01 கிராம் காட்டும் தராசில், நூலில் கட்டிய கல்லை மண்ணெண்ணெய்க்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள். மண்ணெண்ணெயின் அடர்த்தியை 0.8 என்று வைத்தால், 2 கிராம் வில்லியோமைட் (அடர்த்தி 2.79) உள்ளே 1.43 கிராம் காட்டும். உப்பு என்றால் (2.17) 1.26. தாய்ப்பாறையோடு ஒட்டியிருக்கும் துண்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஒரு வேடிக்கை: இதன் ஒளிவிலகல் எண் 1.327, தண்ணீருடையது 1.33. நிறம் மட்டும் இல்லையென்றால் தண்ணீரில் போட்ட கல் கண்ணுக்கே தெரியாது. போட்டுப் பார்க்காதீர்கள்!

நக்கிப் பார்ப்பதும் கூடாது. இந்துப்பைப் பார்க்கும் பழக்கத்தில் சிலர் செய்கிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ளே போனாலே மருத்துவமனைக்குப் போகவேண்டிய அளவு. இந்தக் கனிமத்தில் சுமார் 45 சதவீதம் ஃபுளோரைடு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 0.11 கிராம் போதும். நீங்கள் வாங்கப் போகும் கல்லில் அதைப்போல் 18 பங்கு இருக்கிறது.

கேள்வி: ‘இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் குடிக்கலாம்’ என்று விற்பவரே அட்டை கொடுத்திருக்கிறார்.

பதில்: குடிக்காதீர்கள். 100 மில்லி தண்ணீரில் சுமார் 4 கிராம் வரை கரையும், அதாவது உங்கள் கல் முழுவதும். ஏற்கெனவே குடித்திருந்தால் வாந்தி எடுக்க முயல வேண்டாம். நினைவோடு இருந்தால் பால் கொடுத்து (கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும்) உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அட்டையைத் தூக்கி எறியாமல் வையுங்கள், அதுதான் உங்கள் முதல் ஆதாரம்.

கேள்வி: சென்னையில் வீடு, கடற்கரைக்கு அருகில். எப்படிப் பாதுகாப்பது?

பதில்: ரப்பர் வளையத்தோடு இறுக்க மூடும் சிறு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறியதும் பொட்டலத்தை மாற்றுங்கள். கல்லின் பளபளப்பு மங்கினால் அது ஈரத்தின் வேலை. கழுவக் கூடாது, உலர்ந்த மென்மையான தூரிகை மட்டும். பெட்டி மேல் ‘நஞ்சு, தண்ணீர் படக்கூடாது’ என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: வில்லியோமைட் என்று வந்தது வேறு கல். திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: முதலில் பில்லில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். வில்லமைட் என்பது துத்தநாக சிலிக்கேட், முற்றிலும் வேறு கனிமம். பெயர்க் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), பில், பெட்டியைத் திறந்தபோது எடுத்த காணொளி மூன்றையும் சேர்த்து, கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தரவேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.