மடல் சென்சாரை மாற்றலாமா?

கேள்வி: டொரான்டோவில் 1987 ஃபோக்ஸ்வாகன் வேனகன் ஓட்டுகிறேன், 2.1 லிட்டர். ஒரே வேகத்தில் போகும்போது குலுங்குகிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றை, அது தள்ளும் மடலை (சின்னக் கதவு மாதிரி) வைத்து அளக்கும் பழைய சென்சாரை எடுத்துவிட்டு, சூடான கம்பியால் அளக்கும் ஹாட் வயர் சென்சார் போடலாமா சார்?

பதில்: போடலாம், ஆனால் அவசரம் வேண்டாம். முதலில் சென்சாரிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் சென்சாரின் மூடியைக் கத்தியால் மெல்ல நெம்புங்கள். உள்ளே மடலோடு சேர்ந்து நகரும் ஒரு முள் கார்பன் தடத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கும். அது அதிகம் நிற்கும் இடத்தில்தான் தடம் தேயும். முள்ளை இம்மி நகர்த்தி, தேயாத தடத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். காசு செலவில்லை.

அப்படியும் குலுங்கினால், சரி, ஹாட் வயர். மடலும் இல்லை, தேய்மானமும் இல்லை. ஆனால் அதன் சிக்னல் பழைய கம்ப்யூட்டருக்குப் புரியாது. சிக்னலை மாற்றித் தரும் கன்வெர்ட்டரோடு கிட்டாகவே வாங்குங்கள். பழைய சென்சாருக்குள் இருக்கும் காற்று வெப்ப சென்சாருக்கு அதில் என்ன வழி என்றும் கேளுங்கள். எண்ணெய் தடவும் ஏர் ஃபில்டர் மட்டும் வேண்டாம். கம்பியில் பிசுக்கு படிந்தால் அளவு தப்பிவிடும்.