கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூகானுக்குக் கோடையில் போவதென்றால் எந்த மாதம் போகலாம், என்னென்ன பார்க்கலாம்?

பத்து நாள் லீவு இருக்கிறது, டொராண்டோவிலிருந்து கிளம்புகிறோம், நள்ளிரவுச் சூரியனுக்காக ஜூனில் போகலாமா, திருவிழா ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். யூகானின் தலைநகரான வைட்ஹார்ஸில் நாலு கோடையைக் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஜூனை விடுங்கள். ஆகஸ்ட் 15-க்கு மேல் போங்கள்.

யாரைக் கேட்டாலும் ஜூன் என்றுதான் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் அம்மாவை ஒரு ஜூன் மூன்றாவது வாரத்தில் ஊரிலிருந்து வரவழைத்தேன். வந்த அன்றே பிரச்சினை. சாயங்காலம் விளக்கேற்றுவதற்காகக் காமாட்சி விளக்கைத் துடைத்து, திரி போட்டு வைத்துவிட்டுப் பொழுது சாயட்டும் என்று காத்திருந்தார். ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று. சமையலறை ஜன்னல் வழியாகச் சுள்ளென்று வெயில். ஒன்பதரைக்கு என்னிடம் வந்து, "ஏண்டா, உங்க ஊர்ல எப்பதான்டா விளக்கு வைப்பாங்க?" என்றார். பதினொன்றரை மணிக்கு மேல்தான்மா சூரியன் மறையும் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். மறைந்த பிறகும் இருட்டாது, காலை நாலரைக்கு மறுபடி உதித்துவிடும் என்பதை அன்றைக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஆறரை மணி என்று தாமாகவே முடிவு செய்து வெயிலிலேயே ஏற்றத் தொடங்கினார். தூக்கம் மட்டும் கடைசிவரை சரியாகவில்லை. ஜன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்டியும் பயனில்லை.

இன்னொன்று, ஜூனில் டாசன் சிட்டி போனால் நள்ளிரவுச் சூரியனைப் பார்க்கலாம் என்பது பாதிதான் உண்மை. டாசன் ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஜூன் 21 அன்று ஊருக்குப் பின்னாலுள்ள மிட்நைட் டோம் மலையுச்சியில் கூட்டம் கூடும். பன்னிரண்டு மணிக்குச் சூரியன் இருக்கும், வாஸ்தவம்தான். ஆனால் அது கடிகாரம் செய்கிற வேலை. யூகானில் 2020 முதல் வருஷம் முழுக்கக் கடிகாரத்தை முன்தள்ளியே வைத்திருக்கிறார்கள். அங்கே உச்சிப்பொழுதே பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான். கொஞ்ச நேரத்தில் சூரியன் மறைந்துவிடும். மறையாத சூரியன்தான் வேண்டுமென்றால் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் ஆர்க்டிக் வட்டத்தைத் தொடுகிற 405-ஆவது கிலோமீட்டர் வரை ஏற வேண்டும். அந்தச் சாலையைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கொசுவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நாம் கொசுவோடு பிறந்து வளர்ந்தவர்கள், இது என்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். நம்மூர்க் கொசு அந்தி சாய்ந்ததும் வந்து அதன் நேரத்துக்குக் கடிக்கும். இங்கே ஜூனில் அந்தியே கிடையாது. அதற்கும் நேரம் காலம் கிடையாது. ஆகஸ்ட் பாதியில் இரவுகள் குளிர ஆரம்பித்ததும் ரொம்பவே அடங்கிவிடும்.

ஜூன்வாசிகளுக்கு நியாயமாகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். ஜூன் 21 பூர்வகுடி மக்கள் தினம், யூகானில் அரசு விடுமுறை. மாதக் கடைசியில் வைட்ஹார்ஸில் அடாக்கா கலைவிழா தொடங்கும். ஆற்றங்கரையில் க்வான்லின் டூன் என்கிற பூர்வகுடியினரின் பண்பாட்டு மையத்தில் செதுக்குபவர்கள், மணி கோப்பவர்கள், பறையடித்துப் பாடுபவர்கள் எல்லாரையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அதே சமயத்தில்தான் யூகான் ரிவர் குவெஸ்ட் படகுப் போட்டி. வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை ஆற்றோடு 715 கிலோமீட்டர், இரவும் பகலுமாகத் துடுப்பு போட வேண்டும். இரவென்று ஒன்று இல்லாததால்தான் அது முடிகிறது. ஜூலையில் டாசன் இசைவிழா. இவற்றில் ஏதாவது ஒன்றுக்காகவே போகிறீர்கள் என்றால் நான் தடுக்கவில்லை. அலுமினியத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி என் ஆகஸ்ட்.

வைட்ஹார்ஸில் இரண்டு நாள் போதும். அங்கே நான் கட்டாயம் போகச் சொல்வது அணைக்கட்டுப் பக்கம் இருக்கிற மீன் ஏணிக்கு. 1958-இல் நீர்மின் அணை கட்டியதும் சினூக் சால்மன் மேலே ஏற வழியில்லாமல் போயிற்று. அதனால் மறு வருஷம் 366 மீட்டர் நீளத்துக்கு மரத்தாலேயே படிப்படியாகத் தொட்டி கட்டித் தண்ணீர் விட்டார்கள். மீன் ஒவ்வொரு தொட்டியாகத் தாவி மேலே போகும். நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். ஆகஸ்டில் அதன்முன் நின்றால், பெரிங் கடலில் கிளம்பி ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட்டு வந்த மீன் உங்கள் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நிற்கும். ஆற்றுக்குள் நுழைந்ததிலிருந்து அது எதுவுமே தின்றிருக்காது. உடம்பு சிவந்து, வால் ஓரம் நைந்து, தாடை வளைந்து, மூச்சு வாங்குகிற மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

பார்ப்பது நிச்சயம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் இந்த ஏணியில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் ஏறியதுண்டு. சமீபத்தில் இருநூறைத் தொடாத வருஷங்களும் உண்டு. 2024-இல் அலாஸ்காவும் கனடாவும் பேசி, யூகான் ஆற்றில் சினூக் பிடிப்பதை ஏழு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தன. நான் ஒருமுறை இரண்டு மணி நேரம் நின்று ஒரே ஒரு மீனைப் பார்த்தேன். அன்றைக்கு வந்த ஒன்று அதுதான். எண்ணுகிற பெண், கோடை வேலைக்கு வந்த மாணவி, எழுந்து நின்று கைதட்டினாள்.

மறுநாள் கார்க்ராஸ், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியில் எமரால்ட் ஏரி. அடியில் படிந்திருக்கும் சுண்ணாம்பு வண்டல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அப்படியொரு பச்சை. ஊருக்கு முன்னால் கார்க்ராஸ் பாலைவனம். "உலகின் மிகச் சிறிய பாலைவனம்" என்று விளம்பரம் செய்வார்கள். பாலைவனமெல்லாம் இல்லை, பனியாற்றுக் கால ஏரி வற்றிய மணல். தேரிக்காடு பார்த்தவர்களுக்குப் பெரிய ஆச்சரியம் இருக்காது. ஒரு ஐஸ்க்ரீம் சாப்பிட்டுத் திரும்பலாம்.

அடுத்து வடக்கே டாசன், சுமார் 530 கிலோமீட்டர். ஆகஸ்டின் மூன்றாவது திங்கட்கிழமை டிஸ்கவரி தினம். 1896 ஆகஸ்டில் ஒரு சிற்றோடையில் தங்கம் கிடைத்த நாளை அங்கே அரசு விடுமுறையாக வைத்திருக்கிறார்கள். அந்த வாரக் கடைசி முழுக்க டாசனில் விழா: ஊர்வலம், ஆற்றங்கரையில் கலைக் கண்காட்சி. நம் தேர்த்திருவிழாவைக் கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரின் ஊர்வலம். பத்து நிமிஷத்தில் கடந்துபோய்விடும். போகிறவர்கள் நிற்கிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதுதான் அழகு.

1898-இல் இதே ஊரில் முப்பதாயிரம் பேர் வரை இருந்தார்கள். இன்றும் தெருக்கள் மண்தான், ஓரத்தில் பலகை நடைபாதை. மூன்றாவது அவென்யூவில் இரண்டு பழைய கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். அடியில் உறைமண், வருஷம் முழுக்க ஐஸாக உறைந்தே கிடக்கிற மண். கட்டடத்தின் சூடு கீழே இறங்கி ஐஸ் உருக உருக, பாரம் ஒரு பக்கமாகப் புதைந்துவிட்டது. போனான்சா ஓடையில் ஆறாம் எண் க்ளெய்மில், அதாவது தங்கம் தோண்டப் பதிவு செய்த நிலத்துண்டில், யார் வேண்டுமானாலும் தட்டை வைத்து மண் அலசலாம், கிடைத்தது உங்களுக்கே. நான் ஒரு மத்தியானம் முழுக்கக் குந்தி அலசியதில், கடுகில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தது. முட்டிவலி தனி. பக்கத்திலேயே ஓடைமண்ணைத் தோண்டித் தங்கம் பிரித்த நாலாம் எண் தோண்டு கப்பல், பல மாடி உயரம். அது விழுங்கித் துப்பிய கூழாங்கல் மேடுகள் ஓடை நெடுக இன்னும் புழு நெளிந்த மாதிரி கிடக்கின்றன.

டாசனில் நிறையப் பேர் போவது பதப்படுத்திய மனிதக் கால்விரலை மதுவில் போட்டுத் தருகிற ஓட்டலுக்கு. உதட்டில் பட்டால் சான்றிதழ், விழுங்கினால் 2,500 டாலர் அபராதம். நான் குடிக்கவில்லை, வீட்டில் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஆற்றங்கரையில் இருக்கிற டனோஜா ஸோ பண்பாட்டு மையத்துக்குப் போங்கள். தங்க வேட்டை என்றால் நாமெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்றே நினைக்கிறோம். தங்கம் கண்ட கூட்டத்தில் கீஷ் என்கிற ஸ்கூக்கம் ஜிம்மும் டாசன் சார்லியும் டாகிஷ் பூர்வகுடிக்காரர்கள். டாசன் இருக்கிற இடத்து மக்களோ, வந்து குவிந்த கூட்டத்தால் கீழாற்றில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி மூஸ்ஹைடுக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. அவர்களுடைய தலைவர் ஐசக், பாட்டும் ஆட்டமும் இந்தக் கூட்டத்தில் அழிந்துவிடும் என்று அலாஸ்காவிலிருக்கும் உறவினர்களிடம் அவற்றைக் கொடுத்து வைத்தார். பிறகு திரும்பி வாங்கிக்கொண்டார்கள். பாட்டை அடைக்கலம் வைக்கலாம் என்பதை நான் அங்கேதான் கேள்விப்பட்டேன்.

கடைசியாக, நான் ஆகஸ்ட் என்று அடித்துச் சொல்வதற்கான காரணம்: டூம்ஸ்டோன் பூங்கா. டாசனுக்குக் கிழக்கே 40 கிலோமீட்டரில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை பிரிகிறது. அதில் 70 கிலோமீட்டர் போனால் தகவல் மையமும் கூடார முகாமும். ஆகஸ்ட் பின்பாதியில் முழங்கால் உயரக் குட்டைப் பிர்ச் செடிகள் சிவக்கத் தொடங்கும், வில்லோ மஞ்சளாகும், தரையோடு தரையாகப் படர்ந்த கரடிப்பழச் செடி ரத்தச் சிவப்பு. மரமே இல்லாத மலைச்சரிவு முழுக்கக் குங்குமமும் மஞ்சளும் கொட்டிய மாதிரி இருக்கும், பின்னால் கருங்கல் ஊசி மலைகள். குனிந்தால் காட்டு ப்ளூபெர்ரி. நாக்கு நீலமாகும்வரை தின்றோம், அவ்வப்போது கரடிக்காகச் சத்தம் போட்டுக்கொண்டே. அன்று இரவு ஒரு மணிக்கு மேல் நன்றாக இருட்டியது. வடக்கே மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தோன்றி, அரை மணி ஆடிவிட்டுக் கலைந்தது. துருவ ஒளி. ஜூனில் வானம் இருட்டுவதில்லை, அதனால் இது தெரியவே தெரியாது.

டெம்ப்ஸ்டர் சரளைச் சாலை, சரளையில் கத்தி மாதிரி கூர்க்கல். போகும்போதே எங்கள் பின் டயர் கிழிந்தது. செல்போன் சிக்னல் கிடையாது. ஸ்டெப்னி நல்ல நிலையில் இருந்ததால் தப்பித்தோம். வாடகைக் கார் எடுக்கும்போது டெம்ப்ஸ்டரில் ஓட்டலாமா என்று ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள், பலர் அனுமதிப்பதில்லை. டாசனில் பெட்ரோல் நிரப்பாமல் கிளம்பாதீர்கள். கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள், வைட்ஹார்ஸில் வாங்கிக்கொள்ளலாம். முகாமில் கூடாரத்துக்குள் சாப்பாட்டுப் பொருள் எதுவும் கூடாது, பற்பசைகூட. நம் ஆட்கள் கையோடு கொண்டுபோகிற புளியோதரைப் பொடி, பெருங்காய டப்பா, ஊறுகாய் எல்லாம் ராத்திரி பூட்டிய காருக்குள் போய்விட வேண்டும்.

பனியாறுகளுக்குப் பேர்போன, தென்மேற்கிலுள்ள க்ளூஆனி பூங்காவும் போகலாமா என்றால், பத்து நாளில் இரண்டையும் சேர்த்தால் காரிலேயேதான் இருப்பீர்கள். ஒன்றை எடுங்கள். என் ஓட்டு டாசன் பக்கம். பனியாறுதான் கனவு என்றால் மட்டும் க்ளூஆனி. சில நூறு டாலர் கொடுத்துச் சிறு விமானத்தில் ஏறினால் காஸ்கவுல்ஷ் பனியாற்றின் மேலேயே பறக்கலாம். அந்தப் பனியாறு பின்வாங்கியதில் 2016-இல் ஒரு நதியே தடம் மாறி வேறு பக்கம் போய்விட்டது. நெடுஞ்சாலையில் பாலத்தின்மேல் நின்றால் பழைய ஆற்றுப்படுகையிலிருந்து புழுதி எழும்புவது தெரியும்.

டிஸ்கவரி தின வாரக் கடைசிக்கு டாசனில் அறை கிடைப்பது கஷ்டம், இப்போதே பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் இலவசப் படகில் காரோடு ஆற்றைக் கடந்தால் அக்கரையில் அரசு முகாம் இருக்கிறது, முன்பதிவு கிடையாது, மத்தியானத்துக்குள் போய் இடம் பிடித்துவிடுங்கள். விறகு அவர்களே தருவார்கள். கம்பளி எடுத்துப் போங்கள்.