அப்பாட்ட ஒருக்கா கேட்டுப் பாத்தீங்களா?

இந்த முறை வந்த கடிதங்கள்ல மூண்டு ஒரே பக்கமா, அப்பாமாரைப் பற்றியே போகுது, அதால மூண்டையும் சேர்த்தே போடுறன். பேர் ஒண்டும் போடேல்ல.

கேள்வி: அக்கா, நான் உப்புவெளி. எங்கட அப்பாவுக்கு வாற சித்திரையில 80 வயசு. 1964ல நேவியில சேர்ந்தவர், அப்ப அது ரோயல் சிலோன் நேவி. கஜபாகு கப்பல்ல எஞ்சின் ரூமில ஸ்டோக்கரா கனகாலம் நிண்டவர். 81ல விட்டுட்டு வந்து கராஜ் ஒண்டில வேலை செய்து எங்களைப் படிப்பிச்சார். 83க்குப் பிறகு நேவி எண்ட பேச்சே வீட்டில இல்ல, படம், மெடல் எல்லாத்தையும் பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டு அலுமாரிக்கு மேல வச்சவர், இண்டைக்கும் அது அங்கதான் கிடக்கு. பேரப்பிள்ளைகளுக்கு தாத்தா நேவியில இருந்தவர் எண்டே தெரியாது. இப்ப காதும் சரியா கேக்காது, இரவில நித்திரை இல்ல, கொஞ்சம் நடந்தா மூச்சு வாங்குது, கேட்டா வயசுதானே எண்டு சொல்லுவார். எனக்கு 80வது பிறந்தநாளை ஹோல் எடுத்து, மெடலை சட்டையில குத்தி, பொன்னாடை போட்டு செய்யணும் எண்டு ஆசை. அண்ணா சண்டை பிடிக்கிறார், ஊர் என்ன சொல்லும், இவ்வளவு நடந்த பிறகு நேவி மெடலோட மேடையில இருத்துவியா எண்டு. தங்கச்சி அமெரிக்காவில, அவட மாமனார் வியட்நாம் யுத்தத்துக்குப் போன ஆள், அங்க அவரை ஆஸ்பத்திரியில முழு ஆளா பாக்குறாங்களாம், உடம்பு, மனசு எல்லாம் சேர்த்து. இங்க அப்பிடி ஒண்டும் இல்லையே அக்கா. வருஷப் பிறப்புக்கு மட்டும் காலியில இருந்து பழைய கூட்டாளி ஒராள் போன் எடுப்பார், அண்டைக்குத்தான் அப்பா சிங்களத்தில கதைச்சு சத்தமா சிரிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன். நீங்க என்ன ஆசைப்படுறீங்க எண்டு இருக்கு, அண்ணா என்ன பயப்படுறார் எண்டு இருக்கு, ஊர் என்ன சொல்லும் எண்டும் இருக்கு. அப்பா என்ன சொன்னார் எண்டு மட்டும் ஒரு வரியும் இல்ல. அவரிட்ட கேக்கேல்ல எண்டுதான் நினைக்கிறன்.

அமெரிக்காவில இருக்கிற உங்கட தங்கச்சி சொன்ன விஷயமும் அதுதான். அங்க முன்னாள் படையினருக்கெண்டே தனி அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கு, வீ.ஏ. எண்டு சொல்லுறது. அவங்க இதுக்கு வச்ச பேர் ஹோல் ஹெல்த், முழு ஆளுக்குமான சுகம் எண்டு அர்த்தம். உங்களுக்கு என்ன வருத்தம் எண்டு கேக்குறதுக்கு முதல் உங்களுக்கு எது முக்கியம், எதுக்காக நல்லா இருக்கணும் எண்டு கேக்குறாங்க. ஒரு வட்டம் கீறி நடுவில "நான்" எண்டு போட்டு, சுத்தி எட்டு விஷயம்: உடம்பை அசைக்கிறது, இருக்கிற இடம், புதுசா ஒண்டு பழகுறது, சாப்பாடு, நித்திரையும் ஓய்வும், சொந்தபந்தம், ஆன்மா, மனசு. டொக்டரும் மருந்தும் அதுக்கு வெளியில உள்ள வளையம். அந்த ஆஸ்பத்திரி திருகோணமலையில இல்லத்தான், ஆனா அந்த வட்டத்தை ஒரு கொப்பி ஒற்றையில கீறுறதுக்கு ஆஸ்பத்திரி தேவையில்ல, பின்னேரம் ஒரு பிளேன்ரீயோட திண்ணையில அப்பாக்குப் பக்கத்தில இருந்தா காணும். எட்டையும் ஒரே நாளில கேக்காதீங்க.

முதல் காதைப் பாருங்க, காது கேக்காட்டி நீங்க கேக்குற ஒண்டுமே அவருக்குப் போய்ச் சேராது. கஜபாகு 2ம் உலகப் போர் காலத்தில கனடாவில கட்டின கப்பல், பிறகு இஸ்ரேல்ட கையால எங்களுக்கு வந்தது, பொயிலரில ஓடுற நீராவிக் கப்பல். அதுக்குள்ள வருஷக்கணக்கா காதுக்கு ஒண்டும் போடாம நிண்டவருக்கு காது போறது வயசால மட்டும் வாறதில்ல, வேலையால வந்த சேதமும் அதில இருக்கும். என்ட மாமா டொக்யாட்ல வேலை செய்தவர். நாங்க எல்லாரும் அவர் கோவக்காரர், ஒருத்தரோடயும் ஒட்டமாட்டார் எண்டே நினைச்சு வளர்ந்தம், கடைசிக் காலத்திலதான் மனுசனுக்கு பாதிக் கதை கேக்கவே இல்லையெண்டு விளங்கினது. அது இண்டைக்கும் என்னைக் குத்துது. காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் காதை சோதிச்சு, மெஷின் தேவையெண்டா போடுங்க, கேக்காம விட்டா மறதி வருத்தம் வாற வாய்ப்பும் கூடுது எண்டு இப்ப ஆராய்ச்சியில சொல்லுறாங்க. வீட்டில கத்தாதீங்க, டீவியை நிப்பாட்டிட்டு முன்னுக்கு வந்து முகத்தைப் பாத்து தணிஞ்ச குரலில ஆறுதலா கதைங்க.

அடுத்தது மூச்சு. அந்தக் காலத்துக் கப்பல்கள்ல பொயிலரும் நீராவிக் குழாயும் சூடு வெளியில போகாம இருக்க அஸ்பெஸ்டஸ் சுத்தி வைக்கிறது வழமை. அந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போனா வருத்தம் உடன வராது, 20, 30, சிலநேரம் 40 வருஷத்துக்கும் மேல கழிச்சுத்தான் காட்டும். உங்கட அப்பாவுக்கு அதுதான் எண்டு நான் சொல்லேல்ல, இதயமா இருக்கலாம், இரத்தம் குறைவா இருக்கலாம். ஆனா டொக்டரிட்ட போனா "80 வயசு, மூச்சு வாங்குது" எண்டதோட நிப்பாட்டாம "நீராவிக் கப்பல்ல எஞ்சின் ரூமில இத்தினை வருஷம் வேலை செய்தவர்" எண்டு சேர்த்துச் சொல்லுங்க, அந்த ஒரு வசனத்தால டொக்டர் பாக்குற பார்வையே மாறும், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுவார். பிஸ்கட் டின்னுக்குள்ள சேவைப் புத்தகம் இருந்தா அதையும் கொண்டு போங்க. 83ல ஒளிச்சு வச்ச கடதாசி இண்டைக்கு மருந்துக்கு உதவும்.

நித்திரையைப் பற்றிக் கேக்கேக்க மெதுவா. 64க்கும் 81க்கும் இடையில 71 ஏப்ரல் கிளர்ச்சி இருக்கு, 78 நவம்பர் சூறாவளி இருக்கு. அவர் எங்க நிண்டார், என்ன பாத்தார் எண்டு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. சொல்ல வந்தா கேளுங்க, வராட்டி தோண்டாதீங்க. வேலையெல்லாம் முடிஞ்சு கை சும்மா இருக்கிற வயசிலதான் பழசு திரும்பி வாறது, இது உலகம் முழுக்க முன்னாள் படையாட்களிட்ட பாத்த விஷயம்.

இப்ப மெடல். அண்ணாவைத் திட்டாதீங்க. இந்த ஊரில நேவிக்காரன் எண்டா ஒவ்வொரு வீட்டிலயும் ஒவ்வொரு ஞாபகம், காணாமப் போன பிள்ளையைத் தேடுற தாய் உங்கட தெருவிலயும் இருக்கலாம், அவ அந்த ஹோலுக்கு வந்தா எங்க இருப்பா? அதேநேரம் அப்பாட 17 வருஷமும் வெக்கப்பட்டு ஒளிக்க வேண்டியதில்ல. அவர் சேரேக்க வெள்ளைக்காரன் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை ஒப்படைச்சு 7 வருஷம், 1957ல குடுத்தது. நேவியைத் தலைமை தாங்கினதே ஒரு தமிழர், ரியர் அட்மிரல் ராஜன் கதிர்காமர், 1960ல இருந்து 1970 வரை. அந்தக் காலத்துத் தமிழ்ப் பெடியன் ஒருத்தன் கப்பலுக்குப் போனது எங்கட ஊர்க் கதையில ஒரு பங்கு, அது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியத்தான் வேணும். மேடையில வச்சுத்தான் சொல்லணும் எண்டில்ல. டின்னை இறக்கி அவர் மடியில வச்சு, திறக்கட்டா அப்பா எண்டு கேளுங்க. வேணாம் எண்டா திரும்பி மேல வையுங்க, கோவிக்காதீங்க. திறந்தார் எண்டா பிள்ளைகளைக் கூப்பிடுங்க.

என்னைக் கேட்டா பிறந்தநாள் பரிசு உங்கட கடிதத்தின்ட கடைசியிலயே இருக்கு, அந்தக் காலிக் கூட்டாளி. ஹோலுக்குக் குடுக்கிற காசில அவரை, மனுசி பிள்ளையோட வான் பிடிச்சு திருகோணமலைக்குக் கூப்பிடுங்க, நடக்கக்கூடிய நிலையில இல்லாட்டி நீங்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு காலிக்குப் போங்க. வீ.ஏ.யில கூட ஒரு முன்னாள் படையாளுக்குத் துணையா இன்னொரு முன்னாள் படையாளையே சம்பளம் குடுத்து வச்சிருக்கிறாங்க, அந்தச் சிரிப்பை நீங்களோ நானோ டொக்டரோ வர வைக்க ஏலாது எண்டு அவங்களுக்கும் தெரியும். ரெண்டு கிழவர்களையும் உள்துறைமுகக் கடற்கரையில ரெண்டு கதிரை போட்டு இருத்திட்டு நீங்க தள்ளி நில்லுங்க. கோணேசர் கோயிலுக்கு மேல ஏறுறது டொக்டர் மூச்சைப் பாத்த பிறகு.

கேள்வி: கிண்ணியா வாசகன். வாப்பா ஆமியில இருந்து ரிட்டையர் ஆனவர், காலில காயம் பட்டவர். காலுக்குப் பழகிட்டார். ஆனா புதுவருஷம், தீபாவளிக்கு பக்கத்தில வெடி கொளுத்தினா அறைக்குள்ள போய் கதவைப் பூட்டுறார். இரவில கத்தி எழும்புறார், உம்மா தொட்டு எழுப்பப் போய் ஒருக்கா அடிபட்டா. டொக்டரிட்ட காட்டுவம் எண்டா எனக்கென்ன பைத்தியமா எண்டு கேக்குறார்.

பதில்: தம்பி, பைத்தியம் இல்ல. ஆபத்தில உயிரைக் காப்பாத்தின அந்த உசார் இன்னும் நிக்கேல்ல, ஆபத்து முடிஞ்சிட்டுது எண்டு உடம்புக்கு ஆரும் சொல்லேல்ல, இதை இப்பிடியே வாப்பாட்ட சொல்லிப் பாருங்க. இதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு, கதைச்சு செய்யிற சிகிச்சையும் இருக்கு மருந்தும் இருக்கு, வருஷக்கணக்கா இருந்தவங்களுக்கும் குறைஞ்சிருக்கு. உம்மாக்குச் சொல்லுங்க, தொட்டு எழுப்ப வேணாம், லைட்டைப் போட்டிட்டு கால்மாட்டில தள்ளி நிண்டு பேரைச் சொல்லி, வீட்டில இருக்கிறீங்க, நான்தான் எண்டு சொன்னா காணும். வெடிக்கு, பக்கத்து வீட்டுப் பெடியங்களிட்ட நீங்களே போய் எத்தினை மணிக்குக் கொளுத்துறது எண்டு கேட்டு வாப்பாக்கு முன்கூட்டியே சொல்லுங்க, தெரிஞ்ச சத்தம் அவ்வளவு தாக்காது. அந்த நேரம் வெடிச் சத்தம் இல்லாத ஊருக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு எண்டு கூட்டிக்கொண்டு போனாலும் நல்லம்.

மனநல கிளினிக் எண்டா வரமாட்டார் எண்டு நினைச்சா நித்திரை வராததுக்குக் காட்டுவம் எண்டு கூப்பிடுங்க, பொய் இல்ல, நித்திரையில இருந்துதான் டொக்டரும் தொடங்குவார். ஆனா ஒண்டு, வாழ்ந்து என்ன பிரயோசனம், நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லம் எண்ட மாதிரி எப்பவாவது சொன்னா அதைப் பகிடியா எடுக்காதீங்க, தனிய விடாதீங்க, நேரா கேளுங்க, சாகணும் போல இருக்கா வாப்பா எண்டு. கேக்குறதால அந்த யோசனை வராது, பயப்படாதீங்க. 1926க்கு போன் எடுங்க, தேசிய மனநல உதவி இலக்கம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலயும் கதைக்கலாம். அவசரமெண்டா 1990 அம்புலன்ஸ்.

கேள்வி: அப்பாவைப் பாக்குறது அம்மாதான், 74 வயசு. அவவுக்கு என்ன செய்யிறது? ஓர்ஸ் ஹில், மகள்.

பதில்: மகள், கிழமையில ஒரு நாள் அப்பாவை நீங்க பாருங்க, முழு நாளும், சமையலும் சேர்த்து. அம்மா தனிய கோயிலுக்குப் போகட்டும், தங்கச்சி வீட்டுக்குப் போகட்டும், படுக்கட்டும், அது அவட இஷ்டம். அவட பிரஷரும் சீனியும் கடைசியா எப்ப பாத்தது எண்டு இண்டைக்கே கேளுங்க. அப்பாட கிளினிக் கொப்பி எங்க இருக்கெண்டு அம்மாக்கு இருட்டிலயும் தெரியும், தன்ட கொப்பி எங்க எண்டு தேடிக்கொண்டு நிப்பா. அதை நீங்க தேடி எடுத்து, அடுத்த திகதியை உங்கட போனில போட்டு வையுங்க.