ஓடாமல் நின்றாலும் செலவு வைக்கும் கார்: பழைய ரோட்ஸ்ரருக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேள்வி: 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்ரர் (மஸ்டா எம்எக்ஸ்-5) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1.6 எஞ்சின், மனுவல் கியர், துணிக்கூரை. நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். வார இறுதியில் ஏ9 வீதியில் மட்டும் ஓடுவேன், ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீற்றர் தாண்டாது. "குறைய ஓடினால் குறையச் செலவு" என்று விற்பவர் சொல்கிறார். உண்மையா? ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்?

பதில்: விற்பவர் சொல்வது பெற்றோலுக்கும் பிறேக் பாட்களுக்கும் பொருந்தும், மற்றவற்றுக்குப் பொருந்தாது. முப்பத்தைந்து வயதான காரில் பணத்தைத் தின்பவை றப்பர், திரவங்கள், துரு ஆகிய மூன்றும். இவை கிலோமீற்றர் பார்ப்பதில்லை, நாட்காட்டியைத்தான் பார்க்கின்றன. அதிலும் வன்னியில் சோளகக் காற்றுப் பெயர்ந்தால் செம்மண் தூசி, ஐப்பசிக்குப் பிறகு மாரி, ஆண்டு முழுக்க வெயில். கொட்டகையில் நிற்கும் காரும் இங்கே வேகமாகத்தான் கிழடாகும்.

உதிரிப்பாகங்களின் விலை டொலரோடு ஏறி இறங்குவதால் ரூபாய்க் கணக்கு ஆறு மாதத்தில் பிழையாகிவிடும். ஆகவே எந்தப் பொருள், எத்தனை லீற்றர், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்கிறோம். அன்றைய விலையைக் கடையில் கேட்டு, ஆண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கட்டாயச் செலவை முதலில் முடிப்போம். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனை மூன்றும் ஆண்டுதோறும் வரும். காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. காப்புறுதியை மூன்றாம் தரப்போடு நிறுத்தி மிச்சம் பிடிக்க வேண்டாம். இரவில் ஏ9இல் மாடு குறுக்கே நிற்கும். இந்தக் காரின் மூக்கோ மாட்டின் வயிற்றுக்கும் கீழே. முழுக் காப்புறுதி எடுக்கும்போது காரின் பெறுமதியை முன்கூட்டியே எழுத்தில் பேசி முடியுங்கள். துணிக்கூரை அதில் அடங்குமா என்பதையும் கேளுங்கள்.

புகைப் பரிசோதனையில் ஐட்லிங்கிலும் 2,500 சுற்றிலும் காபன் மொனொக்சைட்டு, ஐதரோகாபன் அளவு பார்ப்பார்கள். இந்த எஞ்சின் அதில் விழுந்தால் பெரும்பாலும் காரணம் செத்துப்போன ஒட்சிசன் சென்சர் அல்லது மின்சாரம் கசியும் பிளக் வயர். பிளக் வயர் இந்தக் காரின் பழைய பலவீனம். நாலாம் கியரில் மெதுவாகப் போய்த் திடீரென அக்சிலரேற்றரை மிதித்தால் கார் விக்கும், அதுதான் அடையாளம். நாலு ஆண்டுக்கு ஒரு செற் என்று கணக்கு வையுங்கள். பரிசோதனைக்கு எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே போங்கள். வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் ஓடிப் போய் நின்றால் நல்ல காரும் விழும்.

அடுத்தது ஆண்டுச் சேர்விஸ். நாலாயிரம் கிலோமீற்றர்தான் ஓடினாலும் ஒயிலை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 10டபிள்யூ-40, பில்ற்றரோடு சேர்த்து மூன்றரை லீற்றர் அளவில் பிடிக்கும். நாலு லீற்றர்க் கான் ஒன்று போதும். ஏயர் பில்ற்றரை சோளகம் முடிந்த கையோடு மாற்றுங்கள், பார்வைக்கு எப்படியிருந்தாலும். கியர்பெட்டிக்கு 75டபிள்யூ-90 இரண்டு லீற்றர், டிஃபுக்கு (பின்னச்சிலுள்ள கியர்) முக்கால் லீற்றருக்கும் குறைவு. இவை இரண்டும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. பெற்றோலைப் பொறுத்தவரை 95 ஒக்ரேனுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. யப்பானில் சாதாரண பெற்றோலுக்கென்றே செய்த எஞ்சின் இது. இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) 10 பாகையில் இருந்தால் 92 போதும். முன்னைய உரிமையாளர் வேகம் கூட்ட டைமிங்கை முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கக்கூடும். முதல் சேர்விஸிலேயே அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

காலையில் ஸ்ராட் பண்ணும்போது எஞ்சினின் மேற்பக்கத்தில் 'டிக் டிக்' என்று கேட்டால் பதற வேண்டாம். வால்வுகளைத் தள்ளும் ஹைட்ரோலிக் லிப்டர்களில் ஒயில் நிரம்பும் சத்தம் அது, சில விநாடியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இரண்டு ஒயில் மாற்றத்தைக் கிட்டக் கிட்டச் செய்து பாருங்கள். எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் வேறு கராஜ் தேடுங்கள்.

இனி, கவனிக்காமல் விட்டால் சட்டைப்பையைக் கிழிக்கும் இடங்கள்.

முதலாவது குளிர்த்தல். இங்கே கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. முழுத் தொகுதிக்கும் ஆறு லீற்றர்: மூன்று லீற்றர் கூலன்ற், மூன்று லீற்றர் பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். றேடியேற்றரின் மேல் தொட்டி பிளாஸ்ரிக். புதிதில் கறுப்பாக இருக்கும், வயதேறப் பழுப்பாகிப் பச்சை கலந்த மண் நிறத்துக்கு வரும். அந்த நிறம் கண்டால் வெடிக்க நாள் பார்த்திருக்கிறது என்று பொருள். மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் நடுவில், காட்டோரத்தில், மதிய வெயிலில் வெடித்தால் சூட்டில் எஞ்சின் தலை வளைந்து எஞ்சின் வேலையும் சேர்ந்து வரும். மேல், கீழ் ஹோஸ்கள், ஹீற்றருக்குப் போகும் இரண்டு ஹோஸ்கள், தேர்மோஸ்ரற், மூடி எல்லாவற்றையும் றேடியேற்றரோடு ஒரே தடவையில் மாற்றி, மொத்த விலையை எட்டால் வகுத்து ஆண்டுக் கணக்கில் போடுங்கள்.

இரண்டாவது டைமிங் பெல்ற். நூறாயிரம் கிலோமீற்றர் என்பது கம்பனிக் கணக்கு. உங்கள் ஓட்டத்தில் அதற்கு இருபத்தைந்து ஆண்டு எடுக்கும், பெல்ற்றின் றப்பர் அவ்வளவு நாள் இருக்காது. ஆறு ஆண்டில் மாற்றுங்கள். ஒரு ஆறுதல்: இந்த எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது, கார் நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் பெல்ற்றை மட்டும் மாற்றி மூடினால் பிறகு தண்ணீர்ப் பம்ப் கசியும்போது அதே கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டி வரும். பெல்ற், ரென்ஷனர், ஐட்லர், தண்ணீர்ப் பம்ப், இரண்டு காம் சீல், முன் கிராங் சீல் எல்லாம் ஒரே வேலை.

உங்களுடையது 1990 என்பதால் இந்த வேலையில் கவனிக்க ஒன்று இருக்கிறது. 1991 வரை வந்த 1.6 எஞ்சின்களில் கிராங் தண்டின் முன்நுனி கட்டையானது. முன்புலியை (பெல்ற்றுகளைச் சுற்றும் முன்பக்கச் சக்கரம்) பிடிக்கும் போல்ற்றைக் கை ஊகத்தில் முறுக்கிவிட்டால் நாளடைவில் சாவித் தடம் தேய்ந்து, புலி ஆடத் தொடங்கும். டைமிங் நழுவும், இழுவை போகும். தண்டே பழுதானால் எஞ்சின் மாற்றுவதுதான் வழியாகிவிடும். அடையாளம் எளிது: புலியின் நடுப்பகுதியில் நாலு வெட்டு இருந்தால் கட்டை நுனி, எட்டு வெட்டு இருந்தால் பின்னால் வந்த தடித்த நுனி. கட்டை நுனியாக இருந்தாலும் கார் வாங்கக் கூடாது என்பதில்லை. எஞ்சினை ஓடவிட்டுப் புலியைப் பக்கவாட்டில் பாருங்கள். ஆடாமல் சுற்றினால் நல்லது. பெல்ற் மாற்றும் அன்று சேர்விஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு ரோர்க் ரெஞ்சால் இறுக்கும் மெக்கானிக்கிடம் மட்டுமே கொடுங்கள். கூலி கொஞ்சம் கூடினாலும் இந்த ஒரு போல்ற்றுக்காகக் கொடுக்கலாம்.

எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையால் ஒயில் வடிகிறது, கியர்பெட்டியை இறக்கிப் பின் சீல் மாற்ற வேண்டும் என்று சொல்லப்படலாம். இறக்குவதற்கு முன் எஞ்சின் தலையின் பின்பக்கத்தில் இருக்கும் காம் ஆங்கிள் சென்சரின் அடியை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலுள்ள ஓ-றிங் இறுகிப்போய் ஒயில் வழிந்து, கியர்பெட்டியின் முகப்பில் சொட்டுவது இந்தக் காரில் வழக்கம். ஒற்றை றப்பர் வளையம், அரை மணி வேலை. சென்சரைக் கழற்றும் முன் அது நிற்கும் இடத்தைக் கீறி அடையாளம் வைக்க வேண்டும். பூட்டிய பிறகு டைமிங் லைற் பிடித்து 10 பாகைக்கு வைக்க வேண்டும்.

பெடலின் அழுத்தத்தால் கிளச்சைத் தள்ளும் கிளச் ஸ்லேவ் சிலிண்டரும் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடும். பெடல் தாழும், முதல் கியரும் றிவேர்ஸும் முரண்டு பிடிக்கும், திரவம் குறையும். கிற் போட்டு மீட்பதைவிட ஹோஸோடு சேர்த்துப் புதிதாக ஒன்று போட்டு ஐந்தால் வகுங்கள். பிறேக்குக்கும் கிளச்சுக்கும் டொற் 4 திரவம் ஒரு லீற்றர், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. மாரி ஈரத்தை அது உறிஞ்சுவதால் இங்கே தள்ளிப்போட முடியாது. நின்று நின்று பின் கலிப்பர் இறுகுவதும் நடக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அதன் வழுக்கு ஊசிகளைக் கழற்றி, சிலிக்கோன் கிறீஸ் பூசச் சொல்லுங்கள். சாதாரண கிறீஸ் றப்பரை ஊதவைக்கும். ஹாண்ட் பிறேக் பிடிக்காவிட்டால் கேபிளை இழுக்க முன்னர், கலிப்பரின் பின்னே சிறு போல்ற்றுக்குள் மறைந்திருக்கும் 4 மி.மீ. அலன் திருகை இறுக்கிவிட்டு மூன்றில் ஒரு சுற்றுப் பின்வாங்க வேண்டும். இது தெரியாமல் நல்ல கலிப்பர்கள் கழற்றி எறியப்படுகின்றன.

ரயர் 185/60 ஆர்14. பூ தேயாமலே பக்கச் சுவர் வெடிக்கும். சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆறு ஆண்டு கடந்தால் மாற்றுங்கள். நாலு ரயர் விலையை ஆறால் வகுத்துப் போடுங்கள். காற்று 26 பிஎஸ்ஐ. நாலு சில்லுக்கும் தனித்தனி அலைன்மென்ற் உண்டு, ஆகவே முன்சில்லு மட்டும் பார்க்கும் இடத்தில் காசைக் கொட்டாதீர்கள். கிறவல் ஒழுங்கைகளில் போனால் புஷ், போல் ஜொயின்ற் செலவு தனியாக வளரும்.

பற்றரி பின் டிக்கியின் மூலையில் இருக்கிறது. மலிவான சாதாரண பற்றரியை வைத்தால் அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி டிக்கித் தகட்டைத் தின்னும். முற்றாக மூடிய ஏஜிஎம் வகையோ, ஆவிக் குழாயை வெளியே விடக்கூடிய வகையோதான் வேண்டும். மூன்றால் வகுங்கள். ஏசி வேலை செய்கிறது என்றால் எந்த வாயு என்று கேளுங்கள். அக்கால ஏசி ஆர்12இல் வந்தது. 134ஏ வாயுவுக்கு மாற்றியிருந்தால் ஈரம் உறிஞ்சும் ட்றையரும் ஓ-றிங்குகளும் மாற்றப்பட்டனவா என்பதே கேள்வி.

பாகங்களுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பிரித்தானியாவிலும் இந்தக் கார் வலப்பக்க ஸ்ரியறிங்கோடு நிறைய ஓடியதால் பாகங்கள் அங்கே தாராளம். லண்டனில் சொந்தம் யாரும் இருந்தால் பெல்ற் செற், ஹோஸ், சீல் எல்லாவற்றையும் ஒரே பொதியாக எடுப்பியுங்கள். சுங்க வரியையும் கணக்கில் சேருங்கள்.

கூட்டிப் பார்க்கும் விதம் இதுதான்: கட்டாயச் செலவு முழுதாக, ஆண்டுச் சேர்விஸ் முழுதாக, மேலே வகுத்த பங்குகள் எல்லாம். அந்தக் கூட்டுத்தொகையின் மேல் மூன்றில் ஒரு பங்கை எதிர்பாராத வேலைக்கு வையுங்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. பெல்ற்றும் ஹோஸும் எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்து, எல்லாவற்றையும் வகுக்காமல் முழு விலையில் போடுங்கள். அந்தத் தொகையைக் காட்டித்தான் விலை பேச வேண்டும்.

துருவை இந்தக் கணக்குக்குள் கொண்டுவரவே முடியாது. கூரையில் விழும் மழைநீர் ஆசனங்களுக்குப் பின்னே இரு பக்கமும் உள்ள வடிகுழாய்களால் இறங்கிப் பின்சில்லுக்கு முன்னே வெளியேற வேண்டும். வேப்பிலையும் புளியிலையும் செம்மண்ணும் சேர்ந்து அதை அடைத்தால் தண்ணீர் கதவடித் தகட்டுப் பெட்டிக்குள் இறங்கி உள்ளிருந்து அரிக்கும். புரட்டாசியில், மாரிக்கு முன்னர், புல்வெட்டி இயந்திரத்து நைலோன் நூலை விட்டு மெதுவாகத் துழாவுங்கள். கம்பி வேண்டாம், அது குழாயைக் குத்திவிடும். பக்கத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றினால் கீழே அத்தனையும் வர வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னரே இதைச் செய்து பாருங்கள். பிறகு பின்சில்லுக்கு முன்னால் கதவடித் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பெயின்ற் குமிழ்விட்டு விரல் இறங்கினால் எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் விட்டுவிடுங்கள். வெட்டி ஒட்டும் வேலைக்குப் போகும் காசில் நல்ல உடலுள்ள இன்னொன்றைத் தேடலாம்.